கரையாத உருண்டை

முதல் உருண்டை குழம்பில் விழுந்ததும் காணாமல் போனது. சிவக்குமார் கரண்டியை விட்டுத் துழாவினான். அடியில் வெறும் பருப்புதான் இருந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் என்ன வேலை? ஒண்டிக்கடை பஜாரில் பூட்டிக் கிடக்கும் தங்கள் இடத்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைக்க வேண்டும் என்று அவன் மனைவி ராணி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று மறுபடியும் கேட்டபோது, தட்டில் உடைந்து கிடந்த பருப்பு உருண்டையை அவன் விரலால் காட்டினான்.

"ஊட்டுல வெக்கற குழம்புலயே ஒரு உருண்டை முழுசா இல்ல. உனக்குக் கடையா? பானு அக்கா மெஸ்ல போய்ப் பாரு. கட்டவிரல்ல ஒரு அமுக்கு அமுக்கி, எவ்ளோ லட்சணமா இருக்குது!"

"முழுசா இருக்கறது கடைலதானுங்க கெடைக்கும்."

"உன் கை சரியில்லைன்னு சொல்லு."

ராணி தட்டைக் கீழே வைத்தாள். "சரிங்க. நாளைக்கு நீங்களே புடிங்க. உருண்டை கரையாம நின்னா கடைப் பேச்சையே எடுக்க மாட்டேன். கரைஞ்சுதுன்னா கடைச் சாவி எங்கிட்ட வந்தரோணும்."

"ஒரு உருண்டை புடிக்கறதுக்கு இவ்ளோ பேச்சா?" என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

காலையில் அவன் போர்வைக்குள் இருக்கும்போதே அவள் மூடி போட்ட தூக்குப்போசியோடு கிளம்பிவிட்டாள். மஞ்சக்குட்டையில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாளாம்.

அரைத்த பருப்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று சிவக்குமார் கண்டுபிடித்தான். அரிசி மாவைக் கொட்டிப் பிசைந்தான். இந்த முறை உருண்டை கரையவில்லை. வேகவும் இல்லை. கடித்துப் பார்த்தவன் கடைவாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வெட்கத்தை விட்டு, பக்கத்து வீட்டுக் காமாட்சியை வேலியோரம் கூப்பிட்டுக் கேட்டான்.

"மொதல்ல ஆவில வேக வெக்கோணுமுங்க. ஏனுங்க, ராணி சமைக்கலீங்களா?"

"சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதாங்க."

மிச்சமிருந்த மாவை உருட்டி இட்லிப் பானையில் நெருக்கி அடுக்கினான். மூடியைத் திறந்தபோது எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே அடையாக இருந்தது. கத்தியால் அறுத்தான். சதுரமாக வந்தது. அதற்குள் குழம்பு களியாக இறுகிவிட்டது. தண்ணீர் ஊற்றினான். சப்பென்று ஆனது. புளியைக் கரைத்து ஊற்றினான். புளித்தது. மறுபடியும் தண்ணீர். சட்டி பத்தாமல் பொங்கல் குண்டாவுக்கு மாற்றினான். கிளியூர் ஜனம் முழுக்கக் கூப்பிட்டுப் போடலாம், அவ்வளவு குழம்பு. உருண்டைதான் ஒன்றுகூட இல்லை.

ராணி வரும் நேரம் நெருங்கியது. தோற்றால் ஊரே சிரிக்கும் என்று பைக்கை எடுத்துக்கொண்டு ஒண்டிக்கடைக்குப் பறந்தான்.

மெஸ்ஸில் பானு இல்லை. பரிமாறும் முருகன்தான் இருந்தான். அடுப்படித் தட்டில், இன்னும் குழம்பில் போடாத உருண்டைகள் வெந்து தயாராக இருந்தன. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் குழி.

"குழம்பு வேண்டாம் முருகா. உருண்டை மட்டும் கட்டு."

"எத்தனைங்க?"

குழம்பை நினைத்துக்கொண்டான். எத்தனை தப்பிக்குமோ, யார் கண்டார்கள். "பூராத்தையும் கட்டு."

"மத்தியானத்துக்கு வர்றவங்களுக்கு என்னத்தைப் போடறதுங்க?"

"ரசத்தை ஊத்து!"

ராணி கை கழுவிவிட்டு உட்கார்ந்தபோது, தட்டில் உருண்டைகள் உடையாமல் நின்றன. சிவக்குமார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

அவள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். குழியில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

"நீங்களே புடிச்சீங்களா?"

"பின்னே? கைப்பக்குவம்னா இதுதான்."

"ஏனுங்க, இப்படிப் புடிக்கறவங்க கடை வெக்கலாமுங்களா?"

"தாராளமா! இந்தக் கைக்கு நானே சாவியைக் குடுப்பேன்."

ராணி உருண்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போது வாசல் கேட்டைத் தள்ளிக்கொண்டு பானு வந்தாள்.

"ராணிக் கண்ணு, இந்தா உன்ற தூக்குப்போசி! காலைல நீ புடிச்சுக் குடுத்த உருண்டை பூராத்தையும் உங்கூட்டுக்காரரே அள்ளிட்டு வந்துட்டாராமா, நாளைக்குக் கொஞ்சம் சேத்திப் புடி!"