மேட்ச் பார்த்த பாகற்காய் விதைகள்

"அவர் நட்டா பிளாஸ்டிக் செடிகூட வாடிடும், உஷா."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் வழியாக இது காதில் விழுந்தது. சொன்னவள் என் மனைவி கேத்தரின். கேட்டுச் சிரித்தவள் பக்கத்து வீட்டு உஷா. அந்த 'அவர்' நான்தான்.

"ஏன்க்கா அப்படிச் சொல்றீங்க?"

"போன வருஷத்து அறுப்பின் பண்டிகையை மறந்துட்டியா?"

உஷா மறந்தாலும் எங்கள் லிங்கராஜபுரம் மறக்காது. அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையார் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஏலம். போன வருஷம் நான் கொண்டுபோன 'வீட்டுச் சுரைக்காய்' மேல் மார்க்கெட்காரர் சாக்பீஸால் எழுதிய எடை அழியாமல் இருந்தது. ஏலம் போட்டவர் அதையும் மைக்கில் வாசித்துவிட்டார்.

நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"இந்த வருஷம் என் கையால முளைக்க வச்ச பாகற்காய்தான் ஏலத்துக்குப் போகும்!"

"முளைக்கலேன்னா?"

"என்ன வேணாலும் கேளு."

கேட்டுவிட்டாள். எங்கள் பால்கனியில் வெயில் விழுகிற மூலை ஒன்றே ஒன்று. அதில்தான் என் சாய்வு நாற்காலி. எங்கள் ஊர் ஆகஸ்ட் மாதக் குளிரில் என் ஆட்சி நடக்கும் ஒரே இடம். ஞாயிற்றுக்கிழமை அதில் சாய்ந்தால் பேப்பரில் மணமகள் தேவை வரைக்கும் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

"அந்த மூலை எனக்குத் தொட்டி வைக்க வேணும். நாற்காலியோட சேர்த்து. உஷா, நீதான் சாட்சி."

ஜன்னலில் உஷாவின் தலை ஆடியது.

மறுநாள் ஆபீசில் கிருஷ்ணப்பாவிடம் யோசனை கேட்டேன். அவர் வீட்டு மொட்டைமாடியே ஒரு தோட்டம்.

"ரொம்ப சிம்பிள், சார். ராத்திரி பூரா ஊற வைங்க. ஈரத்துணியில சுருட்டுங்க, சொட்டக் கூடாது. டப்பாவுல போட்டு மூடுங்க. ஆமேலே ஸ்வல்ப சூடு பேக்கு, கொஞ்சம் சூடு வேணும். நம்ம ஊர்க் குளிருக்கு விதையும் போர்த்திக்கிட்டுத் தூங்கிடும்."

"விதை எப்படி இருக்கணும்?"

"நல்லாக் காஞ்சிருக்கணும்."

அது போதாதா? வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். மேல்தட்டு டப்பாவில் பாகற்காயே வட்டவட்டமாகக் கலகலவென்று காய்ந்து கிடந்தது. விதைகளை நோண்டி எடுத்தேன். மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மருந்து தடவிய உயர்ரகம் என்று புரிந்துகொண்டேன்.

ஊறவைத்து, சுருட்டி, டப்பாவில் அடைத்து எங்கள் பழைய பெட்டி டிவி மேல் வைத்தேன். எங்கள் வீட்டிலேயே சூடான இடம் அதுதான். ஓடினால்தானே டிவி சுடும்? ஓடவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கிரிக்கெட் நடந்ததற்கு நான் என்ன செய்வது?

"விதை மேட்ச் பாக்குதா?" என்றாள் கேத்தரின்.

"சூடு ஏறிக்கிட்டிருக்கு."

"பவுலிங் எப்படியாம்?"

"கேத்தி, இது விஞ்ஞானம்!"

"அப்ப ஏன் மோர் வாசனை வருது?"

"முளைக்கிற விதை மூச்சு விடும்."

"மோர் குடிச்சிட்டா விடும்?"

ஓவருக்கு ஒருமுறை துணியைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒருநாள் பச்சையாக எட்டிப் பார்த்தது. குதித்துக்கொண்டு போய் சாட்சியைக் கூட்டிவந்தேன். உஷா குனிந்தாள், மூக்கைப் பொத்தினாள்.

"அண்ணா, இது பூஞ்சக்காளான்."

இதற்கிடையில் என் ஸ்வெட்டரைக் காணோம்.

"இட்லி மாவு அதைப் போட்டுக்கிட்டிருக்கு," என்றாள் கேத்தரின். "இந்தக் குளிர்ல மாவு பொங்க வேணாமா?"

மாவுக்கு ஸ்வெட்டர். எனக்குத் துண்டு.

ஞாயிற்றுக்கிழமை ரசம் சாதம். தொட்டுக்கொள்ளப் பொரித்த பாகற்காய் வத்தல்.

"என்னங்க, வத்தல்ல பாதிக்கு நடுவுல ஓட்டையா இருக்கு. விதையெல்லாம் யாரோ நோண்டியிருக்காங்க. எலியா இருக்குமோ?"

என் கை சாதத்திலேயே நின்றது.

"உப்பும் மோரும் விட்டு வேக வச்சுக் காய வச்சது. வெந்த விதை முளைக்காதுன்னு எலிக்கு என்ன தெரியும், பாவம்!"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டிவி மேல டப்பா ஏறின அன்னைக்கே."

"சொல்லியிருக்கலாமே!"

"விஞ்ஞானத்துல நான் எப்படிங்க குறுக்க வர்றது?"

உள்ளே போய் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிவந்தாள். என் ஸ்வெட்டர் அதைக் கட்டிப் பிடித்திருந்தது. ஸ்வெட்டரின் வலது கைக்குள்ளிருந்து ஒரு சின்ன டப்பாவை உருவினாள். உள்ளே ஈரத்துணி. பிரித்தாள். ஒவ்வொரு விதையும் வெள்ளையாக ஒரு வேரை நீட்டிக்கொண்டிருந்தது.

"பழுத்து வெடிச்ச பழத்து விதை. செவப்புச் சதையைக் கழுவிட்டு, கெட்டி முனையை நெயில் கட்டரால லேசா நறுக்கி ஊற வச்சேன். மாவு பொங்கின சூட்டுல இதுவும் எழும்பிடுச்சு. சும்மா சும்மா பிரிச்சுப் பாக்கல."

"அப்ப ஏலத்துக்கு?" என்றேன் மெதுவாக.

"உங்க ஸ்வெட்டர்ல முளைச்சதுதானே? உங்க பேர்லயே குடுத்துடலாம்."

சபையில் என் மானம் தப்பியது. பூரிப்போடு தொட்டியை நானே தூக்கிப்போய் அந்த மூலையில் வைத்தேன். விதைகளை மண்ணுக்குள் விரலளவு புதைத்தாள் கேத்தரின்.

"கொடி ஏற ஏதாவது வேணுமே," என்றேன், அக்கறையாக.

அவள் என் சாய்வு நாற்காலியிலிருந்து கான்வாஸ் துணியை உருவினாள். மிஞ்சிய மரச்சட்டத்தைத் தொட்டியின் மேல் நிமிர்த்தி நிறுத்தி, குறுக்கும் நெடுக்கும் சணல் கட்டினாள்.