அமலம்மாள் ஏறாத மோட்டார்

"ஏறு அமலம், பூசைக்கு நேரமாவுது."

"நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன்."

"பின்னாலன்னா? பின் சீட்டுலயா?"

"பின்னால, ரிக்‌ஷாவுல."

ஆரோக்கியநாதனின் முகம் சுண்டிப்போயிற்று. பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா அவர். சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து அந்த மோட்டாரை வாங்கியிருந்தார். டத்தோ கிராமட் ரோட்டுத் தமிழர்களில் மோட்டார் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். மோட்டார் வந்த புதிதில் அமலம்மாளும் ஆசையாகத்தான் ஏறினாள். ஆனால் வண்டி பாசார் என்கிற சந்தையோரத்தில் அடுக்கியிருந்த வாத்துக் கூடைகளுக்குள் புகுந்து, அவற்றின் நடுவில் இறங்க வேண்டியதாகிவிட்டது. தலை முக்காட்டிலிருந்து இறகு பொறுக்கவே அன்றைய பொழுது போயிற்று.

அன்று முதல் ஞாயிறுதோறும் ஊருக்கு ஒரு வேடிக்கை. முன்னால் மோட்டாரில் புருஷன். பின்னால் சீனன் ஆ சூன் இழுக்கும் ரிக்‌ஷாவில் பெண்டாட்டி. சவேரியார் கோயில் வாசலில் ரிக்‌ஷாதான் முதலில் போய் நிற்கும். மோட்டார் வழியில் எங்காவது யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.

"என்னண்ணே, வீட்டுல அக்காவோட பேச்சு வார்த்தை இல்லையா?" என்று எதிர்வீட்டு ஜெயராஜ் நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டான்.

ஓட்டத் தெரியாதவன் என்று சொல்லியிருந்தால்கூட ஆரோக்கியநாதன் பொறுத்துக்கொண்டிருப்பார். கட்டினவளே பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறாளே என்று ஊர் சிரித்ததுதான் நெஞ்சில் தைத்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டே விட்டார்.

"அமலம், உனக்கு உசுர் மேல அவ்வளவு பயமா?"

"என் உசுர் மேல இல்லீங்க. எதுக்க வர்றவங்க உசுர் மேல. ஹாரன அமுக்கிட்டா எல்லாரும் விழுந்தடிச்சு ஓடணும்னு நெனைக்கிறீங்க. நடக்கிறவங்களுக்கும் அது ரோடுதானே?"

"அப்ப என்ன பண்ணா ஏறுவே?"

"ஒருத்தர் வாயிலயும் திட்டு வாங்காம கோயிலுக்குப் போயிட்டு வந்து காட்டுங்க. அப்புறம் பாக்கலாம்."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தார் ஆரோக்கியநாதன். ஹாரன்தானே குற்றம்? அடுத்த ஞாயிறு அந்த ரப்பர் பந்தைத் தொடவே கூடாதென்று வைராக்கியம் எடுத்துக்கொண்டார். மோட்டார் பூனை மாதிரி போயிற்று. முன்னால் ஒரு சீனர் தோளில் காவடிக்கம்பு வைத்து, இரண்டு பக்கமும் கூடையில் தவ்ஹூ என்னும் சோயாக் கட்டிகள் சுமந்து நடந்து கொண்டிருந்தார். பின்னால் வண்டி வருவது அவருக்கு எப்படித் தெரியும்? பின்கூடையில் லேசாக இடித்ததுதான் தாமதம், மனிதர் தவ்ஹூவோடு சாக்கடைக்குள் குதித்துவிட்டார். எழுந்து நின்று அவர் பொழிந்த வசவு ஒன்றும் ஆரோக்கியநாதனுக்குப் புரியவில்லை. அது ஆண்டவர் செய்த கருணை.

"ஹாரனும் வேணும், கனிவும் வேணும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதற்கடுத்த ஞாயிறு, நடக்கிறவர் யாரைக் கண்டாலும் நின்று வழி விடுவது என்று தீர்மானம். ஒரு சீனத்து அம்மாள் ரோட்டைக் கடக்கக் காத்து நின்றாள். ஆரோக்கியநாதன் ஹாரனை மெல்லத் தொட்டு, வண்டியை நிறுத்தி, "போங்க, போங்க" என்று தலையாட்டினார்.

அந்த அம்மாள் நகரவில்லை. மோட்டார் ஒன்று மனுஷிக்காக நின்றதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த துறைமுகத்து ஆட்களும் பார்த்ததில்லை.

"பெரிய கிராணி வண்டி படுத்துக்கிச்சு டோய்! வாங்கடா தள்ளுவோம்!"

"ஐயோ, தள்ளாதீங்க! அந்தம்மா போகட்டும்னு நிறுத்தியிருக்கேன்!"

"கவலப்படாதீங்கண்ணே, நாங்க இருக்கோம்!"

மூட்டை தூக்கிப் பழகின கைகள். ஒரே தள்ளில் ஆரோக்கியநாதனின் கால் பிரேக்கிலிருந்து நழுவியது. மோட்டார் நேரே முச்சந்திக்குப் போயிற்று. அங்கே சீக்கியப் போலீஸ்காரர் ஒருவர் முதுகில் பிரம்பு இறக்கை கட்டிக்கொண்டு நின்றார். கை நீட்டி வலியெடுக்காமல் இருக்க, உடம்பைத் திருப்பியே வழி காட்டுவதற்காகச் சர்க்கார் கொடுத்த இறக்கை அது. அன்று அவர் மெய்யாகவே பறக்கப் பார்த்தார். ஆளுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு பக்கத்து இறக்கை ஒடிந்தது. மலாயில் பாதியும் பஞ்சாபியில் பாதியுமாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார் ஆரோக்கியநாதன்.

ஆபீசில் துரையின் கார் ஓட்டும் சின்னையாவிடம் இதைச் சொல்லி அழாத குறையாக நின்றபோது, அவன் சிரித்தான்.

"நீங்க நிக்கப் போறது மத்தவனுக்குத் தெரிய வேணாமாண்ணே? வலது கைய வெளிய நீட்டி, உள்ளங்கையக் கவுத்து, மேலயும் கீழயும் ஆட்டணும். சீமையில எல்லாம் அப்படித்தான்."

சீமையில் சரிதான். ஆனால் நம்மிடையே உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் 'இங்கே வா' என்று கூப்பிடுவதாக அல்லவா ஆகிறது! தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒத்துப்போகிற காரியம் பினாங்கில் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியநாதன் கையை நீட்டி ஆட்டியதும் கச்சான் என்கிற வேர்க்கடலை விற்கிறவர் ஓடி வந்தார். சாத்தே என்று குச்சியில் கறி சுட்டு விற்கிறவர் அடுப்போடு வந்தார். ரம்புத்தான் பழக் கூடைக்காரி வந்தாள். ஆள் வர வர இவர் வேகத்தைக் குறைத்தார். வேகம் குறையக் குறையக் கையை ஆட்டினார். கையை ஆட்ட ஆட்ட இன்னும் ஆள் வந்தது.

"நான் யாரையும் கூப்பிடலியே!"

"கூப்பிட்டுப்புட்டு இப்ப வேணாங்கிறீங்களே, இது நாயமா அண்ணே?"

மடி நிறையக் கச்சானும் பக்கத்து சீட்டில் ரம்புத்தானுமாக அவர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அமலம்மாள் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டிருந்தாள். ஜெயராஜ் ஒரு கச்சானை மட்டும் எடுத்து உடைத்துத் தின்றான்.

அன்று மாலை கொட்டகையில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டே ஆரோக்கியநாதன் சொன்னார்: "இத வித்துடுறேன் அமலம்."

"ஏங்க?"

"ஹாரன் அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சப்ப என்னைப் பத்தி மட்டுந்தான் நெனச்சேன். இப்ப எதுக்க வர்ற ஒவ்வொருத்தரையும் நெனைக்கிறேன். நெனச்சு என்ன? ஒருத்தருக்கும் நல்லது நடக்கல. எனக்கு இது கைவராது."

அமலம்மாள் மோட்டார் மேல் கை வைத்தாள்.

"விக்க வேணாம். கோயில் திருவிழாவுக்கு நான் ஏறுறேன்."

துணி கையிலிருந்து விழுந்தது. "நெசமாவா?"

"நெசமாத்தான். நீங்க நல்லா பழகிக்குங்க."

பழகினார். விடிந்ததும் விடியாததுமாக, ஆள் நடமாட்டமில்லாத குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி, பக்கத்து சீட்டில் முட்டைக் கூடை ஒன்றை வைத்துக்கொண்டு ஓட்டினார். பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாக, மெத்தையை அழுத்துகிறாற்போல் அழுத்தப் பழகினார். திருப்பத்தில் முன்னால் போகிறவரின் முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிக்கப் பழகினார். முதலில் வீட்டில் மூன்று வேளையும் முட்டைப் பொரியலாக இருந்தது. போகப் போகக் குறைந்து, கடைசியில் பொரிப்பதற்கு ஒரு முட்டைகூட உடையவில்லை.

திருவிழா ஞாயிறு வந்தது. அமலம்மாள் நீலப் பட்டுச் சேலை கட்டி, வெள்ளை முக்காடு போட்டு, கும்பிட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி வாசலைத் தாண்டியது.

அப்புறம் நடந்ததைத்தான் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கலாம். எத்தனை முறை ஓட்டிய ரோடு! ஆனால் அன்று அது ராஜபாட்டையாக விரிந்து கிடந்தது. கூடைக்காரர்கள் கடையோர நடைபாதையிலேயே வரிசையாக நின்றார்கள். மாட்டுவண்டிகள் மரத்தடியில் ஒதுங்கியிருந்தன. தவ்ஹூ சுமக்கும் சீனர்கூடக் கம்பை இறக்கி வைத்துவிட்டு மரியாதையாகப் பார்த்தார். ஆ சூன் ரிக்‌ஷாவைச் சுவரோரம் சாத்திவிட்டுக் கையசைத்தான். முச்சந்தியில் சீக்கியப் போலீஸ்காரர், புது இறக்கையோடு, மோட்டார் தூரத்தில் வரும்போதே திரும்பி நின்று வழி விட்டு, சலாம் வைத்தார்.

"பாத்தியா அமலம்! நம்ம மனசு மாறுனது ரோட்டுக்கே தெரிஞ்சுபோச்சு!"

"ஆமாங்க. முன்னால பாத்து ஓட்டுங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு வேலி இடுக்கிலிருந்து தாய் வாத்து ஒன்று குஞ்சுகளோடு நடுரோட்டுக்கு வந்தது. ஆரோக்கியநாதன் பதறவில்லை. காலை மெல்ல இறக்கினார். முட்டைக் கூடை இருந்த இடத்தில் இருந்த அமலம்மாளின் முக்காடு இம்மியும் அசையாமல் வண்டி நின்றது. கடைசிக் குஞ்சு அக்கரை சேரும்வரை ஹாரனைத் தொடாமல் காத்திருந்தார். அமலம்மாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்று பார்த்த பார்வை அது.

கோயில் வாசலில் மோட்டார் நின்றபோது ஜெயராஜ்தான் ஓடி வந்து கதவைத் திறந்தான். "அக்கா, நீங்களா!" என்றான். சாமியார்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார். பூசையில் ஆரோக்கியநாதன் பாடின பாட்டு பாடகர் குழுவையே அமுக்கிவிட்டது.

திரும்பும் வழியும் அப்படியே. ஒரு திட்டு இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. வண்டியைக் கொட்டகையில் விட்டு, இஞ்சினை அணைத்து, சுற்றி வந்து மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டார். மார்பு நிமிர்ந்து நின்றது.

"இனிமே ஞாயித்துக்கிழமையெல்லாம் இதே மாதிரிதான் அமலம்!"

அமலம்மாள் வாயைத் திறப்பதற்குள், தெருமுனையில் ஆப்பம் விற்கும் சித்தி ஆயிஷா என்கிறவள் மூச்சு வாங்க வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க கடை கடையா வந்து கெஞ்சிக் கேட்டீங்கன்னு காலையிலேருந்து ஒருத்தரும் ரோட்டுல கால வைக்கல, அண்ணன்தான் வண்டிய விட்டு எறங்கிட்டாருல்ல, இப்பவாச்சும் நாங்க எறங்கலாமா?"