ஒன்பது கம்பியும் ஒற்றைக் கம்பியும்

வானொலியில் சிக்னலை அளக்கும் மீட்டரின் முள் எழுந்திருக்கவே மனமில்லாமல் கிடந்தது. தயாளன் கண்ணாடியை விரலால் சுண்டிப் பார்த்தான். முள் அசையவில்லை.

"இப்ப ஒத்தைக் கம்பிக்கு மாத்துங்க," என்றார் யூசுப் பாய். பக்கத்து வீட்டுக்காரர், அமெச்சூர் வானொலிச் சங்கத் தலைவர், இன்றைக்கு நடுவர்.

தயாளன் குமிழைத் திருப்பினான். மாடிச் சுவரில் சும்மா கட்டிவிட்ட ஒற்றைக் கம்பி வேலைக்கு வந்ததும், முள் துள்ளி எழுந்து பாதி மீட்டரைத் தாண்டி நின்றது.

அவன் தலைக்கு மேல் நின்றது ஒன்பது அலுமினியக் கம்பிகள் கோத்த ஆன்டெனா. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்குத் தீனியாகப் போட்டு வளர்த்திருந்தான். நீட்டிய பக்கத்தில் வரும் சிக்னலை ஒற்றைக் கம்பியைவிடப் பல மடங்கு பலமாகப் பிடிக்கும், அதுதான் கெய்ன், முதுகுப் பக்கம் மட்டும் செவிடு என்று சங்கத்தில் மார்தட்டியிருந்தான். வீட்டில் மனைவி ரமணி வெண்டைக்காய் வதக்கும்போதும் மேசையில் பரிமாறும்போதும் அதே பாடம்தான். அவளும் சலிக்காமல் உம் கொட்டுவாள்.

ஆனால் ஜெலுத்தோங் வீட்டில் துணி காயப்போட இருந்தது அந்த மாடி ஒன்றுதான். ரமணி கறாராகச் சொல்லிவிட்டாள்: "பாய் முன்னால அளந்து காட்டுங்க. ஒத்தைக் கம்பியைவிட உங்களது கூடக் கேட்டா, மாடி உங்களுக்கு. கேக்கலைன்னா இன்னிக்கே கழட்டணும். மூணு தடவை சரி பண்ணிக்கலாம்."

இப்போது அவள் ஈரத்துணி வாளியோடு படிக்கட்டில் காத்திருந்தாள்.

சங்கத்துப் பையன் சின்னையா கைவானொலியோடு அக்கரையில் இருக்கும் சுங்கை பாக்காப் போய் நிற்பதாக ஏற்பாடு. தயாளன் சொல்லும்போதெல்லாம் பொத்தானை அமுக்கிப் பிடித்து சிக்னல் அனுப்பினால் போதும்.

"உயரம் பத்தலை பாய்," என்று சொல்லி, தயாளன் குழாயை இன்னொரு முழம் ஏற்றினான். "சின்னையா, அமுக்கு!"

"அமுக்குறேண்ணே!"

முள் முன்பிருந்ததைவிடக் கீழே இறங்கியது.

"ஒண்ணு," என்றாள் ரமணி.

தயாளனுக்குக் காது சூடானது. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, ஒரு கண்ணை மூடி, ஆன்டெனாவின் மூக்கைச் சுங்கை பாக்காப்புக்கு நேராக மயிரிழை பிசகாமல் நிறுத்தினான்.

"அமுக்கு!"

முள் இன்னும் சரிந்தது. ஸ்பீக்கரில் சின்னையாவின் குரலைவிடக் காற்றுதான் அதிகம் இரைந்தது.

"சுங்கை பாக்காப்ல இவ்வளவு காத்தா?" என்றார் யூசுப் பாய்.

"தோட்டத்துக் காத்து பாய். சும்மா இருங்க."

"ரெண்டு," என்றாள் ரமணி.

யூசுப் பாய்க்கு மனசு கேட்கவில்லை. "ஒருவாட்டி பின்பக்கம், தஞ்சோங் தோக்கோங்கைப் பாக்கத் திருப்பித்தான் பாருங்களேன்லா."

"சின்னையா நிக்கிறது சுங்கை பாக்காப்ல. தஞ்சோங் தோக்கோங் பக்கம் திருப்பி மீன் பிடிக்கவா?"

"அதெல்லாம் பேச்சுல இல்ல பாய்," என்று ரமணியும் குறுக்கே விழுந்தாள். மனைவி தன் கட்சிக்கு வந்ததில் தயாளனுக்கு ஒரு நொடி தெம்பு பிறந்தது.

கடைசி வாய்ப்பு. பின்கோடியில் இருந்த நீளக் கம்பியை, கணக்குப் போட்டு, நகத்தளவு நகர்த்தி இறுக்கினான். வியர்வை கண்ணில் இறங்கியது. வேண்டாத சாமியில்லை.

"அமுக்கு சின்னையா!"

"அமுக்கித்தாண்ணே இருக்கேன்!"

குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் இருந்தது. முள் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் கம்பிக்கு மாற்றினால் மட்டும் வெட்கமில்லாமல் எழுந்து நின்றது.

யூசுப் பாய் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தயாளன், சத்தியமாச் சொல்றேன், ஆன்டெனா இவ்வளவு மோசமாக் கேட்டு நான் பார்த்ததே இல்ல."

தயாளன் தன் கையாலேயே ஸ்பானரைப் போட்டு ஒவ்வொரு கம்பியாகக் கழற்றினான். பழைய இரும்பு வாங்கும் லாரி தெருவில் வந்தது. இனி அந்த ஆன்டெனாவின் முகத்தில் விழிக்க முடியாது என்று, மொத்தத்தையும் தூக்கி அதில் போட்டுவிட்டு வந்தான். லாரி திருப்பத்தில் மறைந்தபோது அழுகை வந்தேவிட்டது.

அவன் மேலே வருவதற்குள் மாடி முழுக்கப் புடவைகள் பறந்துகொண்டிருந்தன. ரமணி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"விடுங்க. மத்தியானம் உங்களுக்குப் பிடிச்ச நண்டுப் பிரட்டல் வைக்கிறேன்."

தோற்றவனைக் குத்திக்காட்டாமல் நண்டு சமைக்கும் மனைவி யாருக்குக் கிடைப்பாள்? தயாளன் நெகிழ்ந்துபோனான். நண்டு ஏது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஒற்றைக் கம்பியில் மாட்டியிருந்த வானொலி கரகரத்தது.

"அண்ணே, சின்னையா பேசுறேன். நீங்க சொன்னதா அக்கா சொன்ன மாதிரியே காலையிலேர்ந்து தஞ்சோங் தோக்கோங் கடக்கரையிலதான் நிக்கிறேன், அக்கா கேட்ட நண்டும் வாங்கியாச்சு... நம்ம ஆன்டெனா முதுகுப் பக்கம் நல்லா செவிடாயிருச்சாண்ணே?"