ஒட்டினது விடாது

உலகத்தில் உத்தரவாத ஆசாமிகள் என்றொரு இனம் உண்டு. இவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தொல்லை என்னவென்றால், அது உண்மை. பொய் சொல்கிறவனையாவது கையும் களவுமாகப் பிடிக்கலாம். அரை உண்மையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வருகிறவரை என்ன செய்வீர்கள்?

நம் ஆசாமி ஒரு தோல் தொழிற்சாலையின் சோதனைக்கூட அதிகாரி. அங்கே குரோமியம் போட்டுத் தோலைப் பதப்படுத்துவார்கள். பதமான தோலைச் சீவும்போது உதிரும் நீலச் சீவல் கொல்லைப்புறத்தில் மலையாகக் குவியும். அதைப் பார்த்து அண்டை வீட்டாரோ, நிருபரோ, சொந்தப் பெண்டாட்டியோ, யார் முகம் சுளித்தாலும் போதும், தொண்டையைக் கனைத்து, கண்ணாடியைத் துடைத்து, இரண்டு கை விரல்களையும் கோத்து இழுத்துக் காட்டி, தோலும் குரோமியமும் இப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டும் வெளியே வந்தது இல்லையென்றே சொல்லலாம் என்று பாடம் நடத்திவிடுவார். "ஒட்டினது ஒட்டினதுதான். விடாது." விருந்துகளில் அவர் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி.

அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, சலவைக்கூடம் வைத்திருந்தார். கொதிகலனுக்கு விறகு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று புலம்பியவருக்கு, ஆசாமி பெருந்தன்மையோடு ஒரு லாரிச் சீவலை அனுப்பிவைத்தார். தொழிற்சாலைக்குக் குப்பை ஒழிந்தது. உறவுக்கு உபகாரம் ஆயிற்று. எரித்தால் ஏதாவது ஆகுமா என்று மைத்துனர் தயங்கியபோது விரல்கள் மறுபடி கோத்துக்கொண்டன. விடாதாம்.

நெருப்பு அந்தப் பாடத்தைக் கேட்டதில்லை. தோல் எரிந்து போயிற்று. பிடித்துக்கொள்ளத் தோல் இல்லாத குரோமியம் சாம்பலில் தங்கியது. அதில் ஒரு பகுதி சூட்டில் குணம் மாறி, தண்ணீரில் கரையும் விஷமாயிற்று. சாம்பலை வாரிப் பின்பக்கம் கொட்டி வந்தவர் மைத்துனரின் மனைவி. மழை பெய்ததும் சாம்பல் மேட்டடியில் மஞ்சளாய்த் தண்ணீர் தேங்கியது. அவருடைய விரலிடுக்குகளில் புண் கிளம்பி, ஆறாமல் குழிந்துகொண்டே போனது. துணி மடிக்க முடியவில்லை. சோறு பிசைய முடியவில்லை.

ஆசாமி மனைவியோடு வந்தார். புண்ணைப் பார்த்தாரா? சோப்புத்தூளைப் பார்த்தார். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர் மனைவி, தம்பி பெண்டாட்டியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நிமிராமலே கேட்டார்.

"தண்ணியில போட்டுப் பாத்தேன்னு சொல்லுவீங்களே. நெருப்புல போட்டுப் பாத்தீங்களா?"

"அதை யாரும் கேக்கலையே."

"தம்பி கேட்டானே."

"வாயாலதானே கேட்டான். எழுதிக் கேக்கலையே."

அந்த அம்மாள் கணவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பிவிட்டு அங்கேயே தங்கினார். அடுத்த வீடுகளுக்குப் போய்க் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று சொன்னார். சாம்பலை வேறு சோதனைக்கூடத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். முடிவு வந்ததும் தொழிற்சாலைக்கு வேறு வழியில்லை, மேட்டை அள்ளிக்கொண்டு போயிற்று. புண்கள் மெல்ல ஆறின. குழிகள் மட்டும் தங்கிவிட்டன. ஆசாமி? சாம்பலைக் கொட்டப் போகும் புது இடத்துக்கு உத்தரவாதம் கொடுக்கப் போயிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் எதையோ நினைத்துப் பயந்து வந்து கேட்டபோது, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "அதெல்லாம் பாத்துக்கலாம், போ" என்றீர்களே. பார்த்தீர்களா?