மாடியில் மூன்று பேர்

மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதற்குள் நூலகர் அம்மாவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பெயர் கேட்டால் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற பிள்ளைகள். அதனால், மாடியில் அவர்கள் பதுங்குகிற இடத்தை வைத்து அவரே மனதுக்குள் பெயர் சூட்டியிருந்தார். அகராதி அலமாரிக்குப் பின்னால் சம்மணம் போடுகிறவன் அகராதி. சமையல் புத்தகங்களில் முதுகைச் சாய்த்துக்கொண்டு துப்பறியும் கதை படிக்கிறவன் சமையல். ஜன்னல் திட்டில் காலைக் கட்டிக்கொண்டு உட்காருகிற பெண் ஜன்னல். பள்ளிக்கூடம் விட்டதும் வருவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படித்துவிட்டுப் போவார்கள்.

அந்த மாடிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

"மூணு பசங்களுக்கு ஒரு மாடியா? கணக்குப் பிரிவுக்குக் கொடுத்துடலாம்," என்றார் மேலதிகாரி. "வேணும்னா பசங்ககிட்டயே யோசனை கேட்டு இளையோர் அறையா மாத்திப் பாருங்க. மாசக் கடைசிக்குள்ள கூட்டம் வந்தா மாடி உங்களுக்கு. இல்லைன்னா எங்களுக்கு."

இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று நூலகர் அம்மாவுக்குக் கவலை. மறுநாளே கூட்டம் போட்டார். மாடி பறிபோகப்போவதை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம்.

"சொல்லுங்க கண்ணுங்களா, இந்த மாடி எப்படி இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்?"

மூன்று பேரும் மேசையைப் பார்த்தார்கள்.

"இப்படியே இருக்கட்டும் மேடம்," என்றாள் ஜன்னல்.

"அது சரி. வேற?"

"வேற ஒண்ணும் வேணாம்."

"கூச்சப்படாதீங்க. மனசுல இருக்கிறதைக் கொட்டுங்க. தம்பி, நீ சொல்லு."

சமையல் அண்ணாந்து பார்த்தான். "ஃபேன் நல்லாத்தான் சுத்துது மேடம்."

மறுநாள் அவன் வரவில்லை.

மேசைதான் காரணம் என்று முடிவு செய்தார் நூலகர் அம்மா. வகுப்பறை மாதிரி உட்காரவைத்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? மேசையைத் தூக்கிவிட்டு வண்ண வண்ண மெத்தைகளை வட்டமாகப் போட்டார். எல்லோரும் முகம் பார்த்துப் பேச வசதியாக, நடுவில் மறைத்துக்கொண்டிருந்த அலமாரிகளையெல்லாம் சுவரோரம் தள்ளினார்.

அகராதி படியேறி வந்தான். தன் இடம் வெட்டவெளியாகக் கிடந்ததைப் பார்த்தான்.

"எப்படி இருக்கு தம்பி? மனசுல பட்டதைச் சொல்லு!"

"நல்லா இருக்கு மேடம்," என்று வந்த வழியே இறங்கினான். போனவன் போனவன்தான்.

அதோடு விட்டிருக்கலாம். அவருக்கு விட மனசு வரவில்லை. படம் ஒட்டிய உறுப்பினர் அட்டையைத் தேடி எடுத்து அகராதியின் வீட்டுக்குப் போன் போட்டார்.

"உங்க பையன் லைப்ரரிப் பக்கமே வரலையேம்மா, உடம்புக்கு ஏதாவதா?"

"லைப்ரரியா?" அந்தப் பக்கம் தாயின் குரல் எகிறியது. "டியூஷனுக்குப் போறேன்னுல்ல சொல்லிட்டுப் போறான்! வரட்டும், இன்னைக்கு இருக்கு அவனுக்கு!"

நூலகர் அம்மா போனை வைத்துவிட்டு அட்டையை எடுத்த இடத்திலேயே செருகினார்.

மிச்சம் ஜன்னல் ஒருத்திதான். அவளையாவது தக்கவைத்துக்கொள்ள வேண்டுமே! அவளை இளையோர் குழுத் தலைவியாக்கி, அட்டையைப் பார்த்து வாசல் பலகையில் அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்த அறையே இவ யோசனைதான்!" என்று தோளைப் பிடித்து நிறுத்திக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் ஜன்னலில் ஜன்னல் மட்டும்தான் இருந்தது.

அன்று அழைத்துப்போக வந்த கணவர், மெத்தையில் தன்னந்தனியாகப் புதைந்து கிடந்த மனைவியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"அவங்களுக்கு என்ன வேணும்னு நான் இன்னும் நல்லாக் கேட்டிருக்கணுங்க," என்றார் நூலகர் அம்மா.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கியா? நான் எங்கேயாவது ஓடிட்டேனா?"

அவர் முறைத்த முறைப்பில் கணவர் படியிறங்கிவிட்டார்.

மாசக் கடைசியில் கணக்குப் பிரிவு மாடியேறியது. அவர்களுக்கு மெத்தைகள் ரொம்பப் பிடித்துப்போயின. மதியத்தில் நன்றாகத் தூக்கம் வந்ததாம்.

சில நாள் கழித்து, நாத்தனாரை வண்டியேற்றிவிட ரயில் நிலையம் போன நூலகர் அம்மா, பயணிகள் காத்திருக்கும் கூடத்தின் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

தூணுக்குப் பின்னால் அகராதி. தண்ணீர்க் குழாய் மறைவில் சமையல். கடைசி ஜன்னலோரம் காலைக் கட்டிக்கொண்டு ஜன்னல். மூன்று மடியிலும் புத்தகம். சுற்றிலும் மூட்டைகள், அழுகிற குழந்தைகள், ஒலிபெருக்கிக் கத்தல்.

நேராகத் தூண் பக்கம் போனார்.

"இந்தச் சந்தை இரைச்சல்ல எப்படிப்பா படிக்கிறீங்க? மாடியும் போயிடுச்சு. உங்களுக்குன்னுதானே அவ்வளவும் செஞ்சேன்? என்ன வேணும்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதையும் செஞ்சிருப்பேனே!"

மற்ற இருவரும் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அகராதி மட்டும் மரியாதைக்கு எழுந்து நின்றான்.

"என்ன வேணும், என்ன ஆகப்போறேன்னு வீட்லயும் ஸ்கூல்லயும் கேட்டுக்கிட்டே இருக்காங்க மேடம். யாரும் எதுவும் கேக்காத இடம்னுதான் நாங்க உங்க மாடிக்கே வந்தோம்."