இரண்டடியில் நிற்கும் பந்து

அன்பும் மரியாதையும் நிறைந்த ஆர்டிஸ் அக்காவுக்கு, டுலூத்திலிருந்து தம்பி ஆர்லன் எழுதுவது. இங்கே நானும் கொரினும் சுகம். பனி இடுப்பளவு கிடக்கிறது, கார் எப்படியோ கிளம்புகிறது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். விஷயம் ஒன்றுதான். நீ கொடுத்த பெட்டியைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்.

வெண்டல் அத்தானை அடக்கம் செய்த மறுவாரம், "அவர் ஞாபகமா வச்சுக்க, உன் கையும் கொஞ்சம் திருந்தட்டும்" என்று அவருடைய கோல்ஃப் பயிற்சிப் பெட்டியை என் தலையில் கட்டினாயே, அதுதான். பெரிய சாதனமெல்லாம் இல்லை. முன்னால் ஒரு குழி. பந்தைத் தட்டி உள்ளே விட்டால், மின்சாரத்தில் ஒரு ஸ்பிரிங் அதைக் காலடிக்கே உதைத்து அனுப்பும். கூடவே அவருடைய பந்தும் ஒன்று, சிவப்பு மையில் இரண்டு புள்ளி வைத்தது. வீட்டின் அடித்தளத்தில் கம்பளம் விரித்து நவம்பரிலிருந்து பழகுகிறேன். எட்டடியிலிருந்து பத்துக்கு ஒன்பது விழுகிறது. ஆனால் திரும்பி வரும் பந்து என் காலடிக்கு வருவதில்லை அக்கா. இரண்டடி வந்து நின்றுவிடுகிறது, ஒவ்வொரு தடவையும், இரண்டு புள்ளியும் என்னைப் பார்த்தபடி.

தரை சாய்வு என்றாள் கொரின். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நட்டநடுவில் நின்றது. வீட்டைச் சூடாக்கும் உலையின் அதிர்வோ என்று அதை அணைத்தேன், அவள் இரண்டு கோட்டு மாட்டிக்கொண்டு சமைத்தாள், பேச்சுவார்த்தை இல்லை. பூனையைச் சந்தேகப்பட்டுப் பக்கத்து வீட்டில் விட்டேன். பெட்டியை நாலு சுவரைப் பார்க்கவும் திருப்பி வைத்தேன், அதே இரண்டடி. கடைசியில் பிளக்கையே பிடுங்கிப் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். காலையில் காபியோடு இறங்கினால் பந்து வெளியே, இரண்டடியில். துவைக்கும் மெஷின் கீழேதான் இருக்கிறது என்பதால் ஒன்பது நாளாகக் கொரின் துணி துவைக்கவில்லை. சர்ச்சுக்கு ஒரே ஸ்வெட்டரில் போகிறோம், யாரும் எங்கள் வரிசையில் உட்காருவதில்லை.

இதைவிடக் கொடுமை, அந்த இரண்டடியிலிருந்து எனக்கு ஒன்றுகூட விழவில்லை. முந்நூறு தடவை தட்டிவிட்டேன். மே மாதம் அத்தான் பேரில் நடக்கும் ஆட்டத்தில் எந்த முகத்தோடு நிற்பேன்? இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. பந்து குழிக்கு இரண்டடி தூரத்தில் நின்றால் எதிராளி "போதும், எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுப்பதுதான் எங்கள் மரியாதை. விழுந்ததாகவே கணக்கு, பந்தை எடுத்துக் கோல்ஃப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். இருபத்தாறு வருஷமாக அத்தான் எனக்கு அதைச் சொல்லாத ஆட்டமில்லை. அந்தக் கடைசி ஆட்டத்தில், கடைசிக் குழியில், அவர் பந்து இரண்டடியில் கிடந்தது. அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். பார்த்துத்தான் சொன்னேன்:

"போட்டுக் காட்டுங்க அத்தான்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரிடா" என்றார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றி வெளியே போனது. கோப்பை என் அலமாரிக்கு வந்தது, பதினேழாம் நாள் அவர் போய்விட்டார். உன்னிடம் நான் என்ன சொன்னேன்? "நான் எடுத்துக்கோங்கன்னுதான் சொன்னேன், அவர்தான் வீம்புக்கு அடிச்சார்" என்றேன். "அவர் பிடிவாதம் தெரியாதா" என்று நீயும் அழுதாய். அது பொய் அக்கா. வெட்கமாக இருக்கிறது. உன்னால் முடிந்தால் மன்னித்துவிடு, முடியாவிட்டாலும் வெள்ளிக்கிழமை யாராவது ஒருவரை டிரக்கோடு அனுப்பிப் பெட்டியை எடுத்துக்கொள்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். வாசற்படியில் உப்புப் போட்டுவிட்டு நட. கொரின் அன்பு சொல்கிறாள், தூரத்திலிருந்து.

உன் தம்பி,
ஆர்லன்

பின்குறிப்பு: டிரக் வேண்டாம். மத்தியானம் பெட்டியைக் கட்டக் கீழே போனேன். பந்து அதே இரண்டடியில் இருந்தது. என்னையறியாமல், "போதும், எடுத்துக்கோங்க அத்தான்" என்றேன். கயிறு எடுத்துக்கொண்டு திரும்பினால் பந்தைக் காணோம். பெட்டியைப் பிரித்தேன், கம்பளத்தைச் சுருட்டினேன், எங்கேயும் இல்லை. கொரின் நான்காவது தடவையாக மெஷினில் துணி போட்டுக்கொண்டிருக்கிறாள். அத்தானின் கோல்ஃப் பை உன் வீட்டுக் கராஜில்தானே நூற்றைம்பது மைலுக்கு அந்தப் பக்கம் தொங்குகிறது? அதன் பக்கவாட்டு ஜிப்பை மட்டும் திறந்து பார்த்துச் சொல்.