கேக்குக்குத் திசைகாட்டி பிடித்த கதை

பழைய சாமானை எறிய மனம் வராதவனுக்குக் கலியாண வயதில் ஒரு மகளும் இருந்தால் ஆபத்து. எனக்கு இரண்டும் இருந்தன.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, ஏலத்தில் ஒரு கேக் அடிக்கும் மெசினும் பித்தளைப் பெட்டியில் ஒரு திசைகாட்டியும் எடுத்தேன். (எங்களிடம் தோணி இல்லை. அது வேறு கதை.) காலப்போக்கில் மெசினின் முட்டை அடிக்கும் கம்பிக்கூடு தேய்ந்து, கம்பிகள் முறியத் தொடங்கின. இறக்குமதி நின்றிருந்த காலம். கொழும்பிலும் புதுக்கூடு கிடைக்கவில்லை. சுறாத் தூண்டிலுக்குப் பூட்டும் உருக்குக் கம்பியை வளைத்து நானே பொருத்தினேன். கப்பலையே தாங்குமென்று பெருமையும் அடித்தேன்.

திரியாயிலிருந்து மகளைப் பொம்பிளை பார்க்க வந்த அன்று, கேக் வெட்டித் தட்டில் அடுக்கிய பிறகுதான் கழுவி வைத்த கூட்டைப் பார்த்தேன். நான் பூட்டிய கம்பி ஒன்றைக் காணவில்லை.

மாப்பிள்ளையின் தாய் கம்பியை விழுங்குவதும், சம்பந்தம் முறிவதும், நான் பொலிசில் நிற்பதும் வரிசையாகக் கண்ணில் ஓடின.

"இஞ்சருங்கோ, அவை வந்திட்டினம். அந்த அழுக்குச் சேட்டை மாத்துங்கோ," என்றாள் மனைவி.

காலையிலிருந்து உடம்பில் கிடந்த சேட்டா முக்கியம்? கேக் அதற்குள் விருந்தாளிகளின் முன்னால் போய்விட்டது. அலுமாரியிலிருந்த திசைகாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உருக்கு இருந்தால் முள் காட்டிக்கொடுக்குமல்லவா? (விஞ்ஞானத்தில் நான் கெட்டிக்காரன்.)

பெட்டியை நெஞ்சோடு பிடித்துத் தட்டின்மேல் குனிந்தேன். முள் என் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்துத் துண்டுகளை அள்ளி அப்புறப்படுத்தினேன். மேசையின் மறுபக்கம் போனேன். முள்ளும் என்னோடு வந்தது. அந்தத் துண்டுகளும் போயின.

"அப்பா, என்ன செய்யிறியள்?" மகள் பல்லைக் கடித்தாள்.

"என்னண்ணை இது?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"எங்கட வீட்டு வழக்கம். திசை பாத்துத்தான் குடுக்கிறது." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்பிடியே? எந்தப் பக்கம் பாத்துச் சாப்பிட வேணும்?"

"வ... வடக்கு."

மாப்பிள்ளையின் தாய் மரியாதையாகத் தான் இருந்த கதிரையை வடக்கே திருப்பிப்போட்டு, ஒரு துண்டுக்குக் கை நீட்டினார்.

"தொடாதேங்கோ!" என்று கத்தினேன்.

கடலுக்குப் போய்வரும் மாப்பிள்ளை மெல்ல எழுந்து வந்தார்.

"ஐயா, முள்ளு கேக்கைப் பாக்கேல்லை, உங்களைத்தான் பாக்குது. பொக்கற்றுக்குள்ள என்ன?"

கையை விட்டேன். சுறாக் கம்பி! ஆடுகிறதென்று காலையில் கழற்றி, நெளிவெடுத்துப் பூட்டலாமென்று வைத்தது. அதற்குள் மனைவி வாழைப்பழம் வாங்க அனுப்பிவிட்டாள். கூட்டில் கம்பி குறைந்தது தெரியாமல் மகள் கேக் அடித்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். முதலில் சிரித்தது மகள். அவள் சிரிப்பதைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரித்தார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டதென்று மனைவி சொல்வாள். அப்புறப்படுத்திய கேக் திரும்பி வந்தது.

இறக்குமதி திறந்ததும் மருமகன் கொழும்பிலிருந்து புதுக்கூடு கொண்டுவந்து தந்தார். கேக் அடிக்க முன்னும் பின்னும் அதன் கம்பிகளை எண்ணுகிறேன். அவரோ கேக் தட்டைக் கண்டால் முதலில் என் பொக்கற்றைத்தான் தட்டிப் பார்ப்பார்.

என் பேத்திக்கு இந்தக் கதை தெரியாது. கேக் என்றால் வடக்கே பார்த்துத்தான் சாப்பிட வேண்டுமென்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பவர், அன்று கதிரையைத் திருப்பிப்போட்ட அவளுடைய அப்பம்மா.